ஓரோ பிரெட்டோவில் தங்கத்தையும் டோபாஸ் ரத்தினக்கல்லையும் எப்படி எடுத்தார்கள்?

பிரேசிலின் மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்து ஊர் இது. 1711-இல் வில்லா ரிக்கா என்ற பெயரில் நகரமானது. தொடக்கத்தில் ஆற்றுமணலை அரித்துத்தான் பிழைப்பு. கருவி, ‘பாத்தேயா’ எனும் கூம்பு வடிவ மரத்தட்டு. தண்ணீரில் சுழற்றினால் வெண்மணல் வழிந்தோடும், தங்கம் அடியில் நிற்கும். சிக்கல் என்னவென்றால், இரும்புத்தாதுக் கருமணலும் கனமானது. கடைசிவரை கூடவே இருக்கும். அவசரப்பட்டால் பொடித்தங்கம் அதோடு போய்விடும்.

மணல் வற்றியதும் மலைச்சரிவை நீர்விட்டுக் கரைத்து, சேற்றைக் கல்தொட்டிகளில் தேக்கி, சாய்வான வாய்க்கால்களில் விட்டார்கள். வாய்க்கால் அடியில் மாட்டுத்தோல், முடிப்பக்கம் மேலே. பொடி அதில் சிக்கும். இந்த உழைப்பெல்லாம் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களுடையது. அவர்களில் சிலர் மேற்கு ஆப்பிரிக்காவிலேயே தங்கம் அரித்துப் பழகியவர்கள். போர்ச்சுகல் அரசுக்கு ஐந்தில் ஒரு பங்கு வரி. தங்கத்தை உருக்கிக் கட்டியாக்கும் அரசுச் சாலையின் முத்திரை இல்லாத கட்டி கள்ளத்தங்கம்.

டோபாஸின் உயர்வகையான இம்பீரியல் டோபாஸ் சமாசாரம் வேறு. ஊருக்கு அருகே ரொட்ரிகோ சில்வா பகுதியில், பாறை சிதைந்து உண்டான பழுப்புக் களிமண்ணுக்குள் கிடைக்கிறது. வைரத்துக்கு 10 தரும் மோஸ் அளவுகோலில் கடினத்தன்மை 8 என்றாலும் படிகத்தின் குறுக்கே எளிதில் பிளந்துவிடும். ஆகவே சுத்தியல் ஆகாது. நீர் பீய்ச்சி மண்ணைக் கரைத்து, சல்லடையில் அலசிக் கையால் பொறுக்குவதே வழி.