சுவர் எழுப்புவதா, கோபுரத்தை நகர்த்துவதா?

கேள்வி: கடலரிப்பால் ஆபத்துக்குள்ளான பழைய கலங்கரை விளக்கம் ஒன்றை அமெரிக்காவில் அப்படியே பெயர்த்து உள்ளே கொண்டுபோய் நிறுத்தினார்கள் என்று படித்தேன். இத்தனை பாடுபடுவதைவிடச் சுற்றிலும் கருங்கல்லைக் கொட்டித் தடுப்புச் சுவர் எழுப்பியிருக்கலாமே?

பதில்: தாங்கள் குறிப்பிடுவது வட கரோலினாவில் உள்ள கேப் ஹாட்டரஸ் கலங்கரை விளக்கமாக இருக்க வேண்டும். 1870இல் அது கட்டி முடிக்கப்பட்டபோது கடலுக்கும் அதற்கும் இடையே சுமார் 1,500 அடி மணல்வெளி இருந்தது. 1970 வாக்கில் அது 120 அடியாகச் சுருங்கிவிட்டது. அதுவரை யாரும் கைகட்டி நிற்கவில்லை. மணலைக் கொண்டுவந்து கொட்டினார்கள், மணல் மூட்டைகளை அடுக்கினார்கள், கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் தடுப்புகளான தூண்டில் வளைவுகளையும் அமைத்தார்கள்.

ஆனால் அலைகள் கரையை ஒட்டி மணலை ஓயாமல் ஒரு திசையில் நகர்த்திக்கொண்டே இருப்பவை. தூண்டில் வளைவு அதை ஒரு பக்கம் பிடித்து வைத்தால், மறுபக்கத்துக்குச் சேர வேண்டிய மணல் சேராமல் அங்கே அரிப்பு கூடும். சுவரோ இன்னும் மோசம் என்பேன்: அதில் மோதித் திரும்பும் அலை அடிவாரத்து மணலைத் தோண்டியெடுத்துவிடுவதால், முன்னிருக்கும் கடற்கரை மறைந்து, காலப்போக்கில் கோபுரம் கடலுக்குள் ஒரு கல்தீவாக மிஞ்சும். தென் கரோலினாவின் மோரிஸ் தீவில் 1876இல் ஒளியேற்றப்பட்ட கலங்கரை விளக்கம் இன்று நாற்புறமும் நீர் சூழ நிற்கிறது. சார்ல்ஸ்டன் துறைமுக வாயிலில் கட்டிய அலைதடுப்புச் சுவர்கள் மணலின் போக்கை மாற்றியது அதற்கு முக்கியக் காரணம்.

ஹாட்டரஸில் கண்ணுக்குத் தெரியாத இன்னோர் ஆபத்தும் இருந்தது. அந்தச் செங்கல் கோபுரத்தின் கருங்கல் அடித்தளம், நிலத்தடி நன்னீரில் அமிழ்ந்திருந்த பைன் மரக்கட்டைகளின் மேல் அமைந்திருந்தது. நன்னீரில் இருக்கும்வரை அவை உளுத்துப்போவதில்லை. கடல் நெருங்கி உப்புநீர் புகுந்தாலோ, புயலலை மணலை வாரிச் சென்றாலோ அந்த உறுதி போய்விடும். கோபுரம் சாய்வதற்கு அலை அதன் மேல் மோத வேண்டும் என்பதே இல்லை.

ஆகவே 1999இல் பழைய அடித்தளத்தைச் சிறிது சிறிதாக அகற்றி, அந்த இடத்தில் எஃகு உத்தரங்களைச் செருகி, ஹைட்ராலிக் ஜாக்கிகளால் கோபுரத்தைச் சுமார் ஆறடி உயர்த்தினார்கள். தரை சமமாக இல்லாத இடத்திலும் மூன்று கால் முக்காலி ஆடாமல் நிற்கும் அல்லவா? அதே முறையில் ஜாக்கிகளை மூன்று தொகுதிகளாகப் பிரித்துப் பாரத்தைத் தாங்கச் செய்தார்கள். பிறகு எஃகுத் தடத்தில், உருளைகளின் மேல், ஒவ்வொரு தள்ளலுக்கும் ஐந்தடியாக, 2,900 அடி தூரத்தை 23 நாட்களில் கடந்தார்கள். கோபுரத்தின் எடை ஏறத்தாழ 4,800 டன். வழியில் விழுந்துவிடும் என்று எதிர்த்தவர்கள் நிறையப் பேர்; அது விழவில்லை, இன்றும் ஒளி வீசுகிறது.

இருந்த இடத்தைவிட்டு நகர்த்தினால் வரலாறு போய்விடாதா என்று சிலர் கேட்பதுண்டு. இடமே கடலுக்குள் போகும்போது அந்தக் கேள்விக்குப் பொருளில்லை என்பது என் கருத்து. அதற்காக நகர்த்துவது எல்லாவற்றுக்கும் மருந்து என்று சொல்ல மாட்டேன்: பின்னால் நிலம் வேண்டும், கட்டுமானம் தாங்க வேண்டும், பணமும் வேண்டும். டென்மார்க்கின் ரூபியர்க் நூட் கோபுரத்தை 2019இல் 70 மீட்டர் உள்ளே நகர்த்தியதும் சில பத்தாண்டுகளுக்கான அவகாசம் மட்டுமே. இங்கிலாந்தின் ஆர்ஃபர்ட்நெஸ்ஸில் 1792ஆம் ஆண்டுக் கோபுரத்தை 2020இல் இடித்தே ஆக வேண்டியிருந்தது.

முடிவெடுக்கும் காலம்தான் இதில் முக்கியம். மாசசூசெட்ஸின் கே ஹெட் கோபுரத்தை 2015இல் அவசரமாக நகர்த்தியதற்குக் காரணம், அதன் முன்னிருந்த களிமண் செங்குத்துச் சரிவு இன்னும் கொஞ்சம் சரிந்திருந்தால், கோபுரத்தைத் தூக்க வரும் கனரக இயந்திரங்களை நிறுத்தவே அங்கே உறுதியான நிலம் மிஞ்சியிருக்காது என்பதுதான்.