வாசகர் கேள்வி பதில்: கோடிலிருந்து ‘ஸ்லேவ்’ போகட்டுமா?

கேள்வி: ஆபீஸில் சுற்றறிக்கை வந்திருக்கிறது. இனி எழுதும் கோடில் மாஸ்டர், ஸ்லேவ், பிளாக்லிஸ்ட், ஒயிட்லிஸ்ட் எதுவும் இருக்கக் கூடாதாம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பழகிய பெயர்கள். அமெரிக்காக்காரர்களின் பிரச்சினைக்கு நாங்கள் ஏன் பெயர் மாற்ற வேண்டும்?
(டேட்டாபேஸ் நிர்வாகி, சோழிங்கநல்லூர்)

துறைக்குப் புதியவர்களுக்கு ஒரு வார்த்தை: தரவை முதலில் வாங்கும் டேட்டாபேஸ் சர்வர் மாஸ்டர், அதைப் பின்பற்றி நகல் வைத்துக்கொள்வது ஸ்லேவ்; விலக்க வேண்டியவற்றின் பட்டியல் பிளாக்லிஸ்ட், அனுமதிக்க வேண்டியவற்றின் பட்டியல் ஒயிட்லிஸ்ட். 2020 மே மாதம் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ் பிடியில் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகுதான் கோடைச் சேமித்து வைக்கும் தளமான கிட்ஹப், டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்க்யூஎல், இயங்குதளமான லினக்ஸ் என்று எல்லாரும் அடுத்தடுத்து இந்த வேலையில் இறங்கினார்கள். அதனால் இது அமெரிக்க விவகாரம் என்று உங்களுக்குத் தோன்றுவது புரிகிறது. ஆனால் சண்டை அதற்கும் முந்தையது. 2003-லேயே லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டி நிர்வாகம், தனக்குக் கருவிகள் விற்கும் கம்பெனிகளிடம் இந்தப் பெயர்களைத் தவிர்க்கச் சொல்லிக் கேட்டது. 2014-இல் இணையதளம் கட்டும் கருவியான ஜாங்கோ மாற்றியது, 2018-இல் நிரல்மொழியான பைத்தானும் டேட்டாபேஸான ரெடிஸும் மாற்றின. ஒவ்வொரு முறையும் நீங்கள் கேட்ட இதே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

இன்னும் பின்னால் போனால், இந்த மாஸ்டர்-ஸ்லேவ் ஜோடி பொறியியலுக்குள் வந்ததற்குக் கிடைக்கும் மிகப் பழைய தடயங்களில் ஒன்று 1904-ஆம் ஆண்டு கேப் டவுன் வானியல் ஆய்வகத்தைச் சேர்ந்தது. அங்கிருந்த வானியலாளர் டேவிட் கில், ஒரு கடிகாரத்தின் சொற்படி ஓடும் இன்னொரு கடிகாரத்தை ஸ்லேவ் என்று குறிப்பிட்டார். கேப் காலனியில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1834-இல். அதாவது கில் அந்தப் பெயரை எழுதியபோது, அடிமைகளாக வாழ்ந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதே ஊரில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அந்த அடிமைகளை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி எங்கிருந்து கப்பலேற்றியது என்று பார்த்தால் மடகாஸ்கர், இந்தோனேசியத் தீவுகள், வங்காளம், மலபார் என்று போகிற பட்டியலில் நம் சோழமண்டலக் கரையும் இருக்கிறது. உங்கள் ஆபீஸிலிருந்து வடக்கே போனால் பழவேற்காடு வரும். பஞ்ச காலங்களில் அங்கிருந்து ஆட்களை விலைக்கு வாங்கிப் படாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அனுப்பிய கணக்கை டச்சுக்காரர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். எனவே இது யாரோ வெளியூர்க்காரர்களின் பிரச்சினை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சரி, வரலாற்றை விடுங்கள், வேலைக்கு வருவோம். ஸ்லேவுக்குப் பதிலாக வந்திருக்கும் பெயர் ரெப்ளிகா. ரெப்ளிகா என்றால் நகல் என்று புதிதாகச் சேர்ந்த பையனுக்கும் விளங்கும். ஸ்லேவ் என்ற பெயரில் அந்த விவரமே கிடையாது. உங்கள் ஸ்லேவ் சர்வர் தரவை வாங்கி நகல் வைத்துக்கொள்கிறது, மாஸ்டர் விழுந்தால் அதுவே அந்த இடத்துக்கு வருகிறது. எந்த அடிமைக்கு அப்படி நடந்தது? மோசமான பெயர் என்பதோடு தப்பான பெயரும்கூட. என் பதில்: மாற்றுங்கள்.

கேள்வி: பிளாக்லிஸ்ட் என்ற சொல்லுக்கும் தோல் நிறத்துக்கும் சம்பந்தமில்லை என்று படித்தேன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் ‘அமெரிக்கன்’ என்ற சொல்லையே தவிர்க்கச் சொன்னதாமே, இதற்கு முடிவே இல்லையா?
(கணினி அறிவியல் மாணவி, கோவை)

சம்பந்தமில்லை என்பது சரிதான். ஆங்கிலத்தில் அந்தச் சொல் 17-ஆம் நூற்றாண்டிலேயே, வேண்டாதவர்களின் பெயர்ப்பட்டியல் என்ற பொருளில் புழங்கியது. ஆனால் கறுப்பு என்றால் விலக்கு, வெள்ளை என்றால் அனுமதி என்று திரையில் தினமும் படிக்கிற ஒரு கறுப்பின எஞ்சினியரிடம் போய் இந்த வரலாற்றைச் சொல்லிச் சமாதானப்படுத்த எனக்கு மனமில்லை. அலவ்லிஸ்ட் (அனுமதிப் பட்டியல்), டினைலிஸ்ட் (மறுப்புப் பட்டியல்) என்று எழுதினால் அந்தப் பட்டியல் என்ன செய்கிறது என்பது பெயரிலேயே வந்துவிடுகிறது, இழப்பு ஒன்றுமில்லை.

ஸ்டான்ஃபோர்டு விஷயத்தில் உங்கள் கோபம் நியாயமானது. தவிர்க்க வேண்டிய சொற்கள் என்று அவர்கள் தொகுத்து, 2022 டிசம்பரில் வெளியே தெரியவந்த அந்தப் பட்டியலைச் சில வாரங்களில் அவர்களே விலக்கிக்கொண்டார்கள். யாரையும் காயப்படுத்தாத சொற்களையெல்லாம் அள்ளிப்போட்டதால், காயப்படுத்துகிற சொற்களைப் பற்றிப் பேசுபவர்களும் கேலிக்கு ஆளானார்கள். அதுதான் எனக்கு வருத்தம். இதோடு ஒப்பிட்டால் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலுக்கு 2020 ஜூலையில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஏற்றுக்கொண்ட விதி எவ்வளவோ மேல். புதிதாக எழுதும் கோடில் இந்தச் சில பெயர்கள் வேண்டாம், ஏற்கெனவே இருக்கும் இடைமுகத்தை உடைக்க வேண்டாம், ஹார்டுவேர் விவரக்குறிப்பு கேட்டால் பழைய பெயரே இருக்கலாம், அவ்வளவுதான். ஒரு பத்திக்குள் அடங்கிவிடும். உங்கள் டீமுக்கு விதி எழுதச் சொன்னால் அதைப் பார்த்து எழுதுங்கள்.

கேள்வி: சொல்லை மாற்றினால் யாருக்காவது வேலை கிடைத்துவிடுமா? எல்லாம் கண்துடைப்பு.
(மென்பொருள் சோதனையாளர், மதுரை)

கிடைக்காது. அமெரிக்காவிலேயே கறுப்பின எஞ்சினியர்கள் பலர் 2020-இல் இதைத்தான் சொன்னார்கள்: கோடின் முதன்மைக் கிளைக்கு ‘மாஸ்டர்’ என்பதை மாற்றி ‘மெயின்’ என்று பெயர் வைக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை, எங்களை வேலைக்கு எடுங்கள், பதவி உயர்வு கொடுங்கள் என்று கேட்டோம். அந்தக் கோபத்தை நான் முழுமையாக மதிக்கிறேன்.

நம்மைத் தொடுகிற ஒன்றையும் சொல்கிறேன். பெயர் மாற்ற அறிவிப்புகள் வரிசையாக வந்த அதே 2020 ஜூன் கடைசியில், கலிஃபோர்னியா மாநில அரசுத் துறை சிஸ்கோ மீது வழக்குப் போட்டது. இந்தியர்களே நிறைந்த குழுவில் ஒரு தலித் எஞ்சினியர் சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டார் என்பது புகார். கம்பெனி மறுத்தது. 2023-இல் இரண்டு மேலாளர்கள் மீதான வழக்கை அரசே கைவிட்டது, கம்பெனி மீதானது நீடித்தது. தீர்ப்பு எப்படி வேண்டுமானாலும் போகட்டும், சாதி என்ற சொல் அந்த நாட்டு ஐடி உலகத்தின் காதில் உரக்க விழுந்தது அப்போதுதான். 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்து சட்டமே போட்டது.

அதனால் கண்துடைப்பு என்று சொல்லி ஒதுங்கிவிடாதீர்கள். சுற்றறிக்கை அனுப்பிய அதே மேலாளரிடம், இன்டர்வியூவில் ஊர், தெரு, குலதெய்வம் விசாரிப்பதை நிறுத்தவும் ஒரு சுற்றறிக்கை போடச் சொல்லிக் கேளுங்கள். ஸ்லேவை மாற்றும் டிக்கெட் ஒரு வாரத்தில் முடிந்துவிடும், இதைக் கேட்டால் எத்தனை மீட்டிங் போகிறது என்று பாருங்கள்.

கேள்வி: மைஎஸ்க்யூஎல் 8.4-க்கு மாறியதும் கண்காணிப்பு ஸ்கிரிப்ட் எல்லாம் விழுந்துவிட்டன. என்ன செய்வது?
(சிஸ்டம் அட்மின், யாழ்ப்பாணம்)

‘ஷோ ஸ்லேவ் ஸ்டேட்டஸ்’, ‘ஸ்டார்ட் ஸ்லேவ்’ போன்ற பழைய கட்டளைகளை அந்தப் பதிப்பில் எடுத்தேவிட்டார்கள். புதியவை 8.0.22, 8.0.23 பதிப்புகளிலேயே வந்துவிட்டன, எனவே 8.0-இல் இருக்கும் மற்ற சர்வர்களின் ஸ்கிரிப்டுகளை இப்போதே திருத்தி ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் மேலே போங்கள். கட்டளை மட்டுமல்ல, அது காட்டும் நெடுவரிசைகளின் (காலம்) பெயர்களும் மாறியிருக்கின்றன. ‘செகண்ட்ஸ் பிஹைண்ட் மாஸ்டர்’ இப்போது ‘செகண்ட்ஸ் பிஹைண்ட் சோர்ஸ்’. அலாரம் அடிக்காமல் போவது பெரும்பாலும் இங்கேதான். ஆனால் ஸ்லேவ் என்று வரும் இடத்தையெல்லாம் ஒரே மூச்சில் மாற்றிவிடாதீர்கள், பயனருக்குக் கொடுக்கும் ‘ரெப்ளிகேஷன் ஸ்லேவ்’ அனுமதிக்கு 8.4-இலும் அதே பெயர்தான்.