கம்புட் மண்ணைப் படிக்கப் போகிறேன் என்று நிற்கும் மகளின் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மா,

மகள் ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வை முடித்த கையோடு மண் அறிவியல் படிக்கப் போகிறேன் என்று நிற்கிறாள், அதுவும் கம்புட் என்கிற சதுப்பு நிலக் கரிமண்ணிலிருந்து வரும் வாயுவை அளக்கிற வேலைக்குத்தான் போவாளாம், வீட்டில் யாருக்கும் இதில் சம்மதமில்லை என்று எழுதியிருந்தீர்கள். "மண்ணை விட்டு மேலே வரட்டும் என்றுதானே படிக்க வைத்தோம், இவள் திரும்பவும் மண்ணுக்கே போகிறேன் என்கிறாளே" என்று கேட்டிருந்தீர்கள். பல காலம் தோட்டத்தில் உழைத்த ஒரு தாய் இப்படிக் கேட்பது நியாயம்தான்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போக விடுங்கள். ஆனால் வேதியியலையும் கணிதத்தையும் அவள் கடைசி வரை விடக்கூடாது. சுற்றுச்சூழல் மேல் பிரியம் இருக்கிறது என்பது மட்டும் இந்தத் துறையில் சோறு போடாது. சரியாக அளக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் இங்கே மதிப்பு.

சிலாங்கூர் பெஸ்தாரி ஜெயாவில் பிறந்த பிள்ளைக்கு இந்த ஆசை வந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. மலேசியாவில் முதன்முதலாக வணிகத்துக்கென்று செம்பனை (எண்ணெய்ப் பனை) நட்டது 1917இல், உங்கள் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். அந்தப் பக்கம் போனால் ராஜா மூசா காடு, வட சிலாங்கூர் சதுப்புக் காட்டின் ஒரு பகுதி. வறண்ட மாதங்களில் அங்கே தீப்பிடித்தால் மேலே தழல் அடங்கின பிறகும் மண்ணுக்கு அடியில் நாள்கணக்கில் புகைந்துகொண்டே இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். 2005 ஆகஸ்டில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டி, கோலசிலாங்கூரிலும் போர்ட் கிள்ளானிலும் அவசரநிலை அறிவித்தார்களே, நினைவிருக்கும். அந்தப் புகை பெரும்பாலும் சுமத்ராவிலிருந்து வந்தது. அங்கே எரிந்ததிலும் இதே வகை மண் உண்டு.

இந்த மண் என்னவென்று ஒருமுறை விளங்கிக்கொண்டால் மகள் பேசுவது புரியும். ஊறுகாய் ஜாடியில் எண்ணெய்க்குள் மூழ்கிக் கிடக்கிற மாங்காய் கெடாது, மேலே தலை நீட்டுகிற துண்டில்தான் பூஞ்சை பிடிக்கும் இல்லையா? கம்புட் மண்ணும் அப்படித்தான். ஆயிரக்கணக்கான வருடமாக விழுந்த இலையும் வேரும் கட்டையும் தண்ணீருக்கு அடியில் காற்றுப் படாமல், முழுசாக மக்காமல் கிடக்கின்றன. வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டால் காற்று உள்ளே போகிறது, நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்குகின்றன, சேர்ந்து கிடந்த கார்பன் எல்லாம் கரியமில வாயுவாகக் கிளம்புகிறது. மலேசியாவில் இந்த மண் சுமார் 2.5 மில்லியன் ஹெக்டர் இருக்கிறது. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சரவாக்கில்.

எவ்வளவு கிளம்பும் என்பது அந்த நிலத்தில் என்ன செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஐ.நா.வின் பருவநிலைக் குழுவான ஐ.பி.சி.சி. 2013இல் ஈரநிலங்களுக்கென்று தனியாக ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதன்படி, வடிகால் வெட்டிய கம்புட் மண்ணில் செம்பனை இருந்தால் ஒரு ஹெக்டரிலிருந்து வருடத்துக்கு 11 டன் கார்பன் போகிறது, அதாவது சுமார் 40 டன் கரியமில வாயு. காகிதத்துக்காக வளர்க்கும் அகேசியா மரம் என்றால் 20 டன் கார்பன். காய்கறி மாதிரியான பயிர் நிலத்துக்கு 14, வடிகால் உள்ள நெல் வயலுக்கு 9.4, வடிகால் வெட்டிய காட்டுக்கு 5.3. தண்ணீரை அதிகம் இறக்காமலே வளர்க்கக்கூடிய, மாவு எடுக்கிற சாகு மரத்துக்கு வெறும் 1.5. எல்லாம் ஒரே வகை மண்தான். மேலே நிற்பது என்ன, தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்பதை வைத்துக் கணக்கு இத்தனை மடங்கு மாறுகிறது.

இந்த எண்கள் இன்னும் கெட்டியாகவில்லை. செம்பனைக்கு 11 என்று சொன்னாலும், உண்மை 5.6க்கும் 17க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம் என்று அந்த வழிகாட்டியே சொல்கிறது. மகளுக்கு வேலை இருக்குமா என்று கேட்டீர்களே, அந்த இடைவெளியில்தான் அவளுக்கு வேலை இருக்கிறது.

2005இல் லூலி மெல்லிங் என்ற சரவாக் விஞ்ஞானியும் அவர் குழுவும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சரவாக்கின் சதுப்புக் காடு, சாகு, செம்பனை மூன்றிலும் மண்ணிலிருந்து வரும் கரியமில வாயுவை அளந்ததில், காட்டில்தான் அதிகம் வந்தது. அப்படியானால் காட்டை விடச் செம்பனை நல்லதா? அவசரப்பட்டு அப்படிச் சொல்லிவிட முடியாது. மண்ணிலிருந்து வரும் வாயுவில் இரண்டு பங்கு உண்டு. உயிரோடு இருக்கும் வேர் விடுகிற மூச்சு ஒன்று, அது மரம் அண்மையில் காற்றிலிருந்து எடுத்ததையே திருப்பிக் கொடுப்பது. இன்னொன்று பழைய மண்ணே மக்கி விடுகிற வாயு, உண்மையான நஷ்டம் இதுதான். காட்டில் வேர் அதிகம், அதனால் மொத்தமும் அதிகம். இரண்டையும் பிரிக்க, ஒரு சிறு இடத்தைச் சுற்றிப் பள்ளம் வெட்டி வேர்களைத் துண்டித்து, வெட்டின வேர்கள் மக்கி முடியும் வரை மாதக்கணக்கில் பொறுத்திருந்து அளப்பார்கள். ஒரே எண்ணை வைத்துக்கொண்டு செம்பனைக்கு ஆதரவான கட்சியும் எதிரான கட்சியும் சண்டை போடுவது இந்தத் துறையில் சகஜம். எந்த எண் எதை அளந்தது என்று கேட்கத் தெரிந்த பிள்ளைகள் நமக்கு வேண்டும்.

அளக்கிற வேலை எப்படி இருக்கும் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பி.வி.சி. வளையத்தை மண்ணில் முன்கூட்டியே அழுத்தி வைத்துவிடுவார்கள். அளக்கிற அன்றைக்கு அதன்மேல் காற்றுப் புகாதபடி ஒரு மூடியைப் பொருத்தி, சில நிமிட இடைவெளி விட்டு விட்டுச் சிரிஞ்சால் உள்காற்றை உறிஞ்சிச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் அடைப்பார்கள். ஆய்வுக்கூடத்தில் அந்தக் குப்பிகளைக் கருவியில் ஓட்டி, வாயு எந்த வேகத்தில் ஏறியது என்று கோடு போட்டுக் கணக்கிடுவார்கள். வளையத்துக்குப் பக்கத்தில் பலகை போட்டு அதன்மேல்தான் நிற்க வேண்டும். மண்ணை மிதித்தால் அது பிதுங்கி உள்ளே அடைபட்ட மீத்தேன் குபுக்கென்று வெளியே வந்துவிடும், அன்றைய அளவு வீண். கூடவே, துளையிட்ட குழாய் ஒன்றை மண்ணில் இறக்கி நிலத்தடி நீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்றும் குறிக்க வேண்டும். பொறுமையும் சுத்தமான கையெழுத்தும் உள்ள பிள்ளைக்கு இது பொருந்தும். நர்சரியில் கன்று எண்ணிக்கையை நீங்கள் எழுதி வைக்கிற நோட்டைப் பற்றி அவள் பெருமையாகச் சொன்னாளாம். அந்தக் குணம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிகிறது.

கரியமில வாயு மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். தண்ணீர் தேங்கிய இடத்திலும் வடிகால் வாய்க்காலிலும் மீத்தேன் வரும். யூரியா போட்ட இடத்தில் நைட்ரஸ் ஆக்சைடு வரும். அது அளவில் கொஞ்சமாக இருந்தாலும், ஒரு கிலோவின் சூடேற்றும் பலம் நூறு வருடக் கணக்கில் 265 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். வேதியியலை விடாதே என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொரு கேள்வி. "நமக்குச் சோறு போட்ட செம்பனையையே குற்றம் சொல்கிற படிப்பா இது?" இல்லை, அம்மா. நம் நாட்டுச் செம்பனையில் பெரும்பகுதி சாதாரண மண்ணில்தான் நிற்கிறது, அதன் கணக்கே வேறு. கம்புட் மண்ணில் ஏற்கெனவே நிற்கும் தோட்டங்களுக்கும் இந்த அளவெடுப்பு உதவுகிறது. தண்ணீரை அளவுக்கு மீறி வடித்தால் மண் வருடா வருடம் சென்டிமீட்டர் கணக்கில் இறங்கிக்கொண்டே போகும். வேர் வெளியே தெரிந்து மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடப்பதை அங்கே வேலை செய்தவர்கள் பார்த்திருப்பார்கள். சாய்ந்த மரத்தில் குலை அறுக்கிறவர் படும் பாடு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீரைத் தரைக்கு அரை மீட்டர் கீழே நிறுத்தி வைத்தால் மண் இறங்குவது குறைகிறது, தீப்பிடிக்கும் ஆபத்து குறைகிறது, வாயுவும் குறைகிறது. அந்த அரை மீட்டரைக் காக்கத் தோட்டத்துக்குள்ளேயே ஆள் வேண்டும்.

வேலை எங்கே கிடைக்கும்? நிலைத்தன்மையுள்ள செம்பனை எண்ணெய்க்கான ஆர்.எஸ்.பி.ஓ. சான்றிதழ் வைத்திருக்கும் நிறுவனங்கள் 2018 நவம்பருக்குப் பிறகு கம்புட் மண்ணில் புதிதாக நடக்கூடாது. ஏற்கெனவே நட்ட இடத்தில் நீர்மட்டத்தைக் கண்காணித்துப் பதிவு வைக்க வேண்டும், மறுநடவுக்கு முன்னால் அந்த நிலத்தில் இன்னும் எத்தனை காலம் நீரை வடிக்க முடியும் என்று மதிப்பிட வேண்டும். பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனங்கள் தங்கள் வாயு வெளியேற்றத்தைக் கணக்குக் காட்ட வேண்டிய காலமும் வந்துவிட்டது. 2024இல் அரசாங்கம் அதற்கென்றே ஒரு தேசியக் கட்டமைப்பை வெளியிட்டது. ஆகவே பெரிய தோட்ட நிறுவனங்களின் நிலைத்தன்மைப் பிரிவு, தணிக்கை நிறுவனங்கள், சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனங்கள் ஆகிய மூன்றும் முதல் வாசல்கள். ஆராய்ச்சிப் பக்கம் போனால் செம்பனை வாரியமான எம்.பி.ஓ.பி., கெப்போங்கில் உள்ள வன ஆய்வுக் கழகம், கோத்தா சமரஹானில் கம்புட் மண்ணுக்கென்றே இருக்கும் சரவாக் ஆய்வுக் கழகம். அரசாங்க வேலைதான் வேண்டும் என்றால் சுற்றுச்சூழல் இலாகா.

இந்தப் பாதையில் கஷ்டமும் உண்டு. முதல் வேலை பெரும்பாலும் ஆராய்ச்சி உதவியாளர் மாதிரி ஒப்பந்த வேலையாக இருக்கும். திட்டத்துக்குப் பணம் முடிந்தால் ஒப்பந்தமும் முடியும். தாதிமை படித்த பிள்ளைக்குக் கிடைக்கிற மாதிரி உடனே நிலையான சம்பளம் என்று நான் உறுதி தர மாட்டேன். உயர முதுகலை வரையாவது படிக்க வேண்டியிருக்கும். களத்தில் முழங்கால் வரை சேறு, அட்டை, பாம்பு. பெண் பிள்ளை தனியாகச் சதுப்புக் காட்டுக்குள் போவாளா என்ற உங்கள் பயம் சரியானது. தனியாகப் போகவே கூடாது, ஆணாக இருந்தாலும்தான். ஒழுங்கான குழு யாரையும் ஒற்றையாளாக அனுப்பாது. அனுப்புகிற இடமாக இருந்தால் அந்த வேலை வேண்டாம் என்று அவளிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

இனி படிப்பு. நேராக டிப்ளோமாவுக்குப் போக வேண்டும் என்று உங்கள் தம்பி சொல்வதாக எழுதியிருந்தீர்கள். இவளைப் பொறுத்தவரை அது எனக்குச் சரியாகப் படவில்லை. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பான மெட்ரிகுலேஷன் கிடைத்தால் அதுதான் வேகமான வழி. கிடைக்காவிட்டால் மனம் உடைய வேண்டாம், ஆறாம் படிவம் இருக்கிறது. அதன் முடிவில் எழுதுகிற எஸ்.டி.பி.எம். தேர்வு கடினம்தான், ஆனால் செலவு மிகக் குறைவு, வீட்டிலிருந்தே போய் வரலாம், வேதியியல் அடித்தளம் கெட்டியாக விழும். அதன்பிறகு பல்கலைக்கழகம்: செர்டாங் யூ.பி.எம்.மில் வேளாண் அறிவியல், பாங்கி யூ.கே.எம்.மில் சுற்றுச்சூழல் அறிவியல், சரவாக் யூனிமாஸில் வள வேதியியல் என்று பார்க்கலாம். என்னைக் கேட்டால், இந்த ஆசை மாறாமல் இருந்தால் சரவாக்குக்கு அனுப்பத் தயங்காதீர்கள் என்பேன். தூரம்தான், விமானச் செலவும் உண்டு. ஆனால் மண் அங்கேதான் இருக்கிறது, அளக்கிறவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். கட்டணத்துக்கு அரசாங்கத்தின் பி.டி.பி.டி.என். படிப்புக் கடன் உண்டு. தோட்ட நிறுவனங்களின் அறக்கட்டளைகள் தரும் உபகாரச் சம்பளத்துக்கும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். தோட்டத் தொழிலாளியின் பிள்ளை என்பதைத் தயங்காமல் விண்ணப்பத்தில் எழுதட்டும்.

மேற்படிப்புக்கு இடம் கிடைக்கும் வரை அவள் சும்மா இருக்க வேண்டாம். லயத்துக்குப் பின்னால் வாய்க்கால் ஓடுகிறது என்றீர்கள். ஒரு குச்சியில் சென்டிமீட்டர் கோடு போட்டு அங்கே நட்டு, தினமும் ஒரே நேரத்தில் நீர்மட்டத்தைக் குறிக்கட்டும். நேரான பக்கமுள்ள ஒரு டப்பாவை வெட்டவெளியில் வைத்து, சேர்கிற மழையையும் அளக்கட்டும். இரண்டையும் கணினியில் ஏற்றி வரைபடம் போடப் பழகட்டும். மழை பெய்து எத்தனை மணி நேரம் கழித்து வாய்க்கால் ஏறுகிறது என்று அவளே கண்டுபிடித்தால், நேர்காணலில் பேச அவளுக்கென்று சொந்தமாக ஒரு விஷயம் இருக்கும். ராஜா மூசாவில் பழைய வாய்க்கால்களை அடைத்து நீரைத் தேக்கி மஹாங் மரம் நடும் பணி 2008இலிருந்து நடக்கிறது. சிலாங்கூர் வன இலாகாவோடு பொது அமைப்புகளும் உள்ளூர் மக்களும் சேர்ந்து செய்கிறார்கள். மரம் நடும் நாள் வரும்போது அவளோடு நீங்களும் ஒருமுறை போய் வாருங்கள். அந்தச் சேற்றில் அரை நாள் நின்ற பிறகும் அவளுக்கு ஆசை இருக்கிறதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

வேதியியலிலும் கூடுதல் கணிதத்திலும் என்ன கிரேடு என்று நீங்கள் எழுதவில்லை. எஸ்.பி.எம். முடிவுத் தாளின் நகலை அவளிடம் கொடுத்தனுப்புங்கள், முடிந்தால் அவள் அப்பாவும் கூட வரட்டும். அந்த இரண்டு கிரேடையும் பார்த்துவிட்டு, எந்த வழி முதலில் என்று உட்கார்ந்து முடிவு பண்ணுவோம்.