அலீவியேட்: வலியையா, வலிப்பவரையா?

அன்புள்ள சார்,

வணக்கம். புற்றுநோய் முற்றியவர்களைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் ஒன்பது வருடமாக நர்ஸாக இருக்கிறேன். தமிழ் மீடியத்தில் படித்தவள். மாத அறிக்கையை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். போன மாதம் ‘வீ அலீவியேட்டட் தி பேஷன்ட்’ என்று எழுதியிருந்தேன். மேலதிகாரி சிவப்பு மையால் சுழித்து, “தவறு” என்று மட்டும் எழுதி அனுப்பிவிட்டார். ஏன் தவறு என்று சொல்லவில்லை. ரிலீவ் என்றாலும் இதே அர்த்தம்தானே? இரண்டையும் எங்கே எப்படிப் போடுவது?

இன்னொன்று. எங்கள் பிரிவுக்குத் தமிழில் பலகை வைக்கப்போகிறார்கள். ‘வலி நீக்கும் பிரிவு’ என்று எழுதித் தந்திருக்கிறார்கள். எனக்கு அது ஏதோ உறுத்துகிறது. காரணம் சொல்லத் தெரியவில்லை.

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களுக்கு உறுத்தியது சரிதான். அந்த உறுத்தலுக்கான காரணமும் அலீவியேட் என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் முதலில் சிவப்பு மையைப் பார்ப்போம்.

அலீவியேட் என்றால் தணிப்பது, லேசாக்குவது. அலீவியேட் செய்வது துன்பத்தைத்தான், துன்பப்படுகிறவரை அல்ல. வலியை, மூச்சுத்திணறலை, பயத்தை, நெரிசலை அலீவியேட் செய்யலாம். நோயாளியை அலீவியேட் செய்ய முடியாது. தமிழிலும் அப்படித்தானே? ‘வலியைத் தணித்தோம்’ என்போம், ‘நோயாளியைத் தணித்தோம்’ என்றால் காது ஏற்காது. உங்கள் வாக்கியத்தை ‘வீ அலீவியேட்டட் தி பேஷன்ட்ஸ் பெயின்’ என்று மாற்றினால் போதும். ஒரே ஒரு சொல்தான் விட்டுப்போயிருந்தது.

ரிலீவ் இரண்டுக்கும் வளைந்து கொடுக்கும். வலியையும் ரிலீவ் செய்யலாம், ஆளையும் ரிலீவ் செய்யலாம். ஆளைச் சொல்லும்போது எதிலிருந்து என்பதையும் சேர்த்துச் சொல்வது வழக்கம்: ‘ரிலீவ்டு ஹிம் ஆஃப் பெயின்’. இது உங்களுக்குப் புதிதல்ல. நைட் டியூட்டி முடிந்து, “ரிலீவர் இன்னும் வரலையே” என்று வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பீர்கள். வேலையை விட்டுப் போகிறவர் கையில் ரிலீவிங் ஆர்டர் இருக்கும். அங்கெல்லாம் விடுபடுவது ஆள். அலீவியேட்டுக்கு இந்தப் பக்கமே கிடையாது.

மிட்டிகேட் என்று இன்னொன்றும் உங்கள் அறிக்கைகளில் வரக்கூடும். ஆபத்து, பாதிப்பு, தண்டனை போன்றவற்றின் கடுமையைக் குறைப்பதற்கு அது. ஒருவர் உடம்பில் படும் வலிக்கு அலீவியேட்தான் இயல்பாக இருக்கும்.

சரி, இப்போது பலகை.

அலீவியேட்டின் வேர் லத்தீனில் ‘லெவிஸ்’. லேசானது என்று பொருள். பாரத்தை நெம்பித் தூக்கும் லீவரும், மேலே தூக்கிப்போகும் எலிவேட்டரும் அதே குடும்பம்தான். ஆக இந்தச் சொல்லின் மனதில் இருப்பது ஒரு சுமை. அந்தச் சுமை லேசாகிறது. இல்லாமல் போய்விட்டது என்று அந்தச் சொல் எங்கேயும் சொல்வதில்லை.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சுமைதாங்கிக் கல்தான் கண்முன் வரும். இரண்டு கற்களை நிறுத்தி மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு நடந்து வருகிறவர், யாரும் கைகொடுக்காமலே சுமையை அதில் தள்ளி வைத்துவிட்டுக் கழுத்தை நிமிர்த்திக்கொள்ளலாம். அப்புறம் மறுபடியும் அதே சுமைதான், மிச்ச வழியையும் நடந்தாக வேண்டும். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக அந்தக் கற்களை நட்டிருக்கிறார்கள். இறக்கி வைக்க முடியாமலே போன ஒரு சுமைக்காக, யார் யாரோ சுமையை இறக்கிக்கொள்ள ஓர் இடம். அலீவியேட் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்த அகராதியிலும் பார்த்ததில்லை.

உங்கள் துறையின் கதையும் இதுதான். சிசிலி சாண்டர்ஸ் முதலில் நர்ஸ், பிறகு மருத்துவமனைச் சமூகப் பணியாளர், அதற்கும் பிறகுதான் மருத்துவம் படித்தார். 1967-இல் லண்டனில், கடைசிக் காலத்தில் இருக்கும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் இல்லமான செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். உடம்பின் வலியோடு மனதின் வலி, வீட்டுக் கவலை, ‘எனக்கு ஏன் இப்படி’ என்ற கேள்வி எல்லாம் சேர்ந்ததுதான் முழு வலி என்று சொன்னவர் அவர். வலி தலைகாட்டிய பிறகு ஊசியைத் தேடாமல், அது திரும்பி வருவதற்கு முன்பே வேளாவேளைக்கு மருந்து கொடுக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். நம் பக்கத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் தொடங்கி வைத்த வேலை, கேரளத்தில் வீடு வீடாகப் போகும் இயக்கமாக வளர்ந்தது. 1985-இன் போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து, கடும் வலியைத் தணிக்கும் மார்ஃபினை வாங்கி வைக்கவே மருத்துவமனைகள் தயங்கிய காலம் அது. மார்ஃபின் கிடைப்பதை எளிதாக்கும் திருத்தம் அந்தச் சட்டத்தில் 2014-இல்தான் வந்தது. இவர்கள் யாரும் நோயை நீக்குவதாகச் சொல்லவில்லை. அதனால் அவர்கள் செய்தது சின்ன வேலை ஆகிவிடுமா?

என் அம்மாவின் கடைசி நான்கு மாதங்களில் உங்களைப் போன்ற ஒரு நர்ஸ் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். முதல் நாளே, “வலியை முழுசா எடுத்துட முடியாதுங்கண்ணா. ஆனா அம்மா ராத்திரி தூங்குற அளவுக்குக் குறைச்சிடலாம்” என்றார். அம்மா தூங்கினார். மற்றவர்கள் எல்லாரும் சரியாகிவிடும், சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்தப் பெண் சொன்ன ஒரு வாக்கியம்தான் எங்களைத் தாங்கியது. அதில் பொய் இல்லை.

‘நீக்கும்’ என்ற சொல் உறுத்துவது அதனால்தான். உங்களால் தர முடியாத ஒன்றை அந்தப் பலகை வாக்குக் கொடுக்கிறது. தமிழில் இது பழைய பிழை. பாவர்ட்டி அலீவியேஷன் என்பதை ‘வறுமை ஒழிப்பு’ என்றே எழுதி எழுதிப் பழகிவிட்டோம். ஆங்கிலம் குறைப்பேன் என்கிறது, தமிழ் ஒழிப்பேன் என்கிறது.

‘நீக்கும்’ இருக்கும் இடத்தில் தணிப்பு வரட்டும். தணிப்பு என்றால் அரைகுறை வேலை போலத் தோன்றுமே என்று யாராவது கேட்டால் 948-ஆம் குறளைக் காட்டுங்கள். ‘நோய்நாடி நோய்முதல் நாடி அதுதணிக்கும் வாய்நாடி’ என்று, மருத்துவர் செய்யும் மொத்த வேலைக்கும் வள்ளுவர் எடுத்த சொல்லே தணித்தல்தான். தாகம் தணிகிறது, கோபம் தணிகிறது, சூரனோடு போரிட்ட முருகனின் சினம் தணிந்த இடம் திருத்தணி என்கிறது தலபுராணம். கனமான சொல்தான் அது.

‘நோய்த்தணிப்புச் சிகிச்சை’ என்பது ஏற்கெனவே புழக்கத்திலும் இருக்கிறது. பலகைக்கு ‘வலி, நோய்த்தணிப்புப் பிரிவு’ என்று கேட்டுப் பாருங்கள். பெயின்ட் அடித்து முடித்துவிட்டார்கள் என்றால், குடும்பத்தாரிடம் முதல் நாள் கொடுக்கும் தாளிலாவது அந்தச் சொல் இருக்கட்டும். பலகையைவிட அதைத்தான் அவர்கள் திரும்பத் திரும்ப எடுத்துப் படிப்பார்கள். அம்மாவுக்குக் கொடுத்த தாள் மடிப்பு கிழிந்துபோய் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது.

அன்புடன்.