பதினொரு கட்டுரையும் ஒரு கிரெடிட் கார்டும்

கேள்வி: தனியார் கலைக் கல்லூரி ஒன்றில் ஆங்கிலத் துறையில் உதவிப் பேராசிரியையாக இருக்கிறேன். வயது 33. இலக்கியத்தோடு டிஜிட்டல் மீடியா தாள்களும் எடுக்கிறேன். இணையத்தில் எழுதப்படும் ஊடாட்டக் கதைகள் (வாசகரே அடுத்த திருப்பத்தைத் தேர்ந்தெடுப்பவை) பற்றி பகுதிநேர பிஎச்டி, இது ஐந்தாவது வருஷம். கைக்கு வரும் சம்பளம் 42,000 ரூபாய். கிரெடிட் கார்டில் 2,40,000 பாக்கி நிற்கிறது. மாதம் தவறாமல் 12,000 கட்டுகிறேன், ஆனாலும் குறையவே இல்லை. ஆடம்பரச் செலவு எதுவும் கிடையாது, எல்லாம் படிப்புக்காகச் செய்ததுதான். மாதம் 5,000 மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபியில் போகிறது. அதை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்தாதே என்கிறார் மாமா. இப்போது டிஜிட்டல் மீடியாவும் ஏஐயும் சேர்ந்த சர்வதேசச் சான்றிதழ் படிப்பு ஒன்று 1,60,000 ரூபாய்க்கு வருகிறது, இஎம்ஐ வசதியும் உண்டு. சேர்ந்தால் நல்ல கல்லூரிக்கு மாறலாமா? ஸ்கோபஸ் என்ற சர்வதேசப் பட்டியலில் இருக்கும் ஆய்வு ஜர்னலில் கட்டுரை போட்டுத்தர 28,000 கேட்கிறார்கள். அதையாவது செய்யலாமா?

பதில்: கார்டு வட்டி கொடுமையானது என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வரவு செலவு எழுதுங்கள் என்றும் சொல்லப்போவதில்லை. நீங்கள் அனுப்பிய எக்செல் தாள் என்னுடையதைவிட நேர்த்தியாக இருக்கிறது. அதனால் நேராக அந்தத் தாளுக்கே போகிறேன்.

மூன்று வருஷத்தில் கார்டில் தேய்த்தது இவ்வளவு: ஜர்னல் கட்டணம், 11 கட்டுரைகளுக்கு 71,000. ஐஎஸ்பிஎன் போட்ட தொகுப்பு நூல்களில் ஆறு அத்தியாயத்துக்கு 15,000. கருத்தரங்கப் பதிவும் பயணமும் 46,000. லேப்டாப் 78,000. வீடியோ எடிட்டிங் மென்பொருளின் மாதச் சந்தா, இரண்டு வருஷத்துக்கு 45,000. மொத்தம் 2,55,000. இதுவரை நீங்கள் கார்டுக்குக் கட்டியது 1,70,000. அப்படியானால் பாக்கி 85,000தானே இருக்க வேண்டும்? நிற்பதோ 2,40,000. நடுவில் இருக்கும் 1,55,000 ரூபாய் வட்டியாகவும் அதன் மேல் ஜிஎஸ்டியாகவும் போய்விட்டது. இரண்டு லேப்டாப்பின் விலை.

இந்த மாதக் கணக்கையே பார்ப்போம். உங்கள் ஸ்டேட்மென்டில் மாத வட்டி 3.5 சதவீதம். 2,40,000க்கு 8,400. அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 1,512. சுமாராக 9,900. நீங்கள் கட்டும் 12,000ல் அசலுக்குப் போவது 2,100. சரி, 2,100 ஆவது குறைய வேண்டும் அல்லவா? அதே மாதத்தில் புதிதாக 5,500 தேய்த்திருக்கிறீர்கள்: சந்தா 1,900, ஒரு ஜர்னலுக்கு 3,600. ஆக, 12,000 கட்டிய மாதத்தில் கடன் 3,400 ஏறியிருக்கிறது. இன்னொன்று, பாக்கி வைத்திருக்கும்போது புதிதாகத் தேய்ப்பதற்கு அந்த 45 நாள், 50 நாள் வட்டியில்லாச் சலுகை கிடைக்காது. தேய்த்த நாளிலிருந்தே மீட்டர் ஓடும்.

மினிமம் டியூ என்று ஸ்டேட்மென்டில் போட்டிருப்பதை நீங்கள் தவணை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். தவணை என்றால் ஒருநாள் முடியும். இது கணக்கு என்பிஏ, அதாவது வாராக்கடன், ஆகாமல் இருக்க வங்கி கேட்கும் தொகை. அவ்வளவுதான்.

ஆனால் கோளாறு கார்டில் தொடங்கவில்லை. கல்லூரி கேட்கிற செலவையெல்லாம் உங்கள் சொந்தக் கடனாக ஏற்றுக்கொள்ளும் பழக்கத்தில்தான் தொடங்கியிருக்கிறது. ‘வருஷத்துக்கு மூணு பேப்பராவது வேணும்னு ஹெச்ஓடி சொல்லிட்டாங்க’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் சொல்கிறார்? கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில் ஆசிரியர்களின் வெளியீடுகளை எண்ணுகிறார்கள். எண்ணிக்கை கூடினால் பலன் கல்லூரிக்கு. அதற்கான பில் மட்டும் உங்கள் கார்டில். ஆய்வுக்காக ஆசிரியருக்கு நிர்வாகம் தரும் பணத்துக்கு ‘சீட் மணி’ என்று பெயரே இருக்கிறது. உங்கள் கல்லூரியில் அது உண்டா என்று எழுத்தில் கேட்டீர்களா? கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. இல்லை என்று சொல்வார்கள் என்றே வைத்துக்கொள்வோம். சொல்லட்டும். அடுத்த முறை மூன்று பேப்பர் கேட்கும்போது, கட்டணமில்லாத ஜர்னலில் வரும்போதுதான் வரும் என்று நீங்கள் சொல்வதற்கு அந்தப் பதில் உதவும்.

‘நல்ல கல்லூரிக்கு மாற இதெல்லாம் வேண்டாமா?’ என்பீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிமுறையில், கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கு நேர்காணலுக்கு ஆள் வடிகட்டும் மதிப்பெண் அட்டவணை இருக்கிறது. அதில் ஆய்வுக் கட்டுரைக்கு ஒன்றுக்கு 2 மதிப்பெண், உச்சவரம்பு 6. மூன்று கட்டுரையோடு கணக்கு முடிந்தது. பல்கலைக்கழகத் துறை என்றால் உச்சவரம்பு 10, அதாவது ஐந்து கட்டுரை. நீங்கள் 11 போட்டிருக்கிறீர்கள், பன்னிரண்டாவதற்குத் தயாராகிறீர்கள். அதே அட்டவணையில் பிஎச்டிக்கு 25, நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் தேர்ச்சிக்கு 8. மூன்று முறை எழுதி மயிரிழையில் நெட் தவறியதாகச் சொல்கிறீர்கள். பிஎச்டி பட்டம் விதிப்படி கைக்கு வந்துவிட்டால் நெட் இல்லாமலும் தகுதி உண்டு. இத்தனையும் நேர்காணலுக்குக் கூப்பிட மட்டும்தான், அதற்குப் பிறகு நேர்காணல்தான் பேசும். 2025 ஜனவரியில் புதிய விதிமுறைக்கு யுஜிசி ஒரு வரைவு வெளியிட்டது. அதில் எண்ணிக்கையை விட்டுவிட்டு, இணையப் பாடங்களுக்கு உள்ளடக்கம் தயாரிப்பது போன்ற பணிகளையும் கணக்கில் எடுக்கப் பார்த்தார்கள். உங்களைப் போன்றவர்களுக்குச் சாதகமான பேச்சு. ஆனால் வரைவை நம்பிப் பணம் இறக்க வேண்டாம்.

பிஎச்டி சமர்ப்பிக்கக் கட்டுரை கட்டாயம் என்ற நிபந்தனையை யுஜிசி 2022 விதிமுறையில் எடுத்துவிட்டது. பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கலாம், உங்கள் பதிவு ஆண்டுக்கான விதியை வாங்கிப் படியுங்கள். எத்தனை கேட்டாலும் பதினொன்று கேட்காது. ஐந்து அத்தியாயத்தில் மூன்றுதான் முடிந்திருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மீதி இரண்டு அத்தியாயம் எழுத வேண்டிய ராத்திரிகளில் மூவாயிரம் ரூபாய் ஜர்னலுக்காக நாலு பக்கம் தட்டிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். இதை எந்த வட்டிக் கணக்கில் சேர்ப்பது?

ஆங்கிலத் துறையில் இருபது வருஷமாக இருக்கும் நண்பர் ஒருவரிடம் உங்கள் பெயரை மறைத்துவிட்டுப் பட்டியலைக் காட்டினேன். பதினொன்றில் இரண்டுக்கு டிக் போட்டார். மற்றவற்றில் ஒன்றின் ஏற்புக் கடிதத்தைச் சத்தமாகப் படித்தார். அனுப்பிய இரண்டாம் நாளே ஏற்பு, மதிப்பீட்டாளர் கருத்து ‘நல்ல கட்டுரை’, அதற்குக் கீழே யுபிஐ எண். மதிப்பீட்டாளர் கருத்தைவிட யுபிஐ எண் நீளம் என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அந்தக் கடிதத்துக்கு 7,500 ரூபாய் போயிருக்கிறது.

அவர் சொன்ன இன்னொரு விஷயம் உங்களுக்கு முக்கியம். ஆங்கில இலக்கியத் துறையில் சந்தா முறையில் வரும் நல்ல ஜர்னல்கள் பெரும்பாலும் எழுதுகிறவரிடம் பணம் கேட்பதே இல்லை. உங்கள் ஆய்வுக்கு நேராகப் பொருந்தும் டிஜிட்டல் ஹியூமானிட்டீஸ் குவார்ட்டர்லி 2007 முதல் வருகிறது. எழுதுகிறவருக்கும் கட்டணம் இல்லை, படிக்கிறவருக்கும் இல்லை. ஓப்பன் லைப்ரரி ஆஃப் ஹியூமானிட்டீஸும் அப்படித்தான். யாரும் இலவசமாகப் படிக்கத் திறந்திருக்கும் ஜர்னல்களுக்கு டிஓஏஜே என்று ஒரு பட்டியல் உண்டு, அதில் கட்டணம் வாங்காதவற்றை மட்டும் வடிகட்டிப் பார்க்க வசதி இருக்கிறது. பதில் வர ஆறு மாதம், ஒரு வருஷம் ஆகலாம், திருப்பியும் அனுப்பலாம். கட்டணம் கேட்கும் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லவில்லை. அப்படித் திறந்து வைப்பதற்காக எழுதுகிறவரிடம் கட்டணம் வாங்கும் தரமான ஜர்னல்களும் உண்டு, கேட்டால் தள்ளுபடி தருகிறவர்களும் உண்டு.

அந்த 28,000 ஸ்கோபஸ் விவகாரம்? 2025 பிப்ரவரியில் யுஜிசி, தான் ஏற்கும் ஜர்னல்களின் பட்டியலான ‘கேர்’ பட்டியலைக் கைவிட்டது. அதிலிருந்து ‘இனி ஸ்கோபஸ் இல்லாமல் ஒன்றும் நடக்காது’ என்று வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு பீதி. பீதி இருக்கும் இடத்தில் தரகர் இருப்பார். சக ஆய்வாளர்கள் படித்துப் பார்த்து முடிவு சொல்லும் ஜர்னலில் வெளியாகும் என்று இடையில் ஒருவர் எப்படி உத்தரவாதம் தர முடியும்? ஸ்கோபஸ் பட்டியலிலிருந்து ஜர்னல்களை நீக்குவதும் நடக்கிறது. பணம் கொடுத்துப் போட்ட ஜர்னல் நாளை நீக்கப்பட்டால் தரகர் போனை எடுக்க மாட்டார். இது நிதி ஆலோசகரிடம் கேட்கும் கேள்வியே இல்லை. உங்கள் கைடிடம் கேட்டால் திட்டுவார், திட்டு வாங்குவது நல்லது.

1,60,000 படிப்பும் வேண்டாம். பாடத்திட்டத்தைப் பார்த்தேன். அதில் இருப்பதைத்தான் நீங்கள் வகுப்பில் நடத்துகிறீர்கள். ‘இஎம்ஐ வசதி’ என்பதன் பொருள், ஒரு நிதி நிறுவனம் படிப்பு நடத்துகிறவருக்குப் பணத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டு உங்களிடம் மாதாமாதம் வசூலிக்கும் என்பதே. படிப்பு பிடிக்காமல் நடுவில் விட்டாலும் கடன் விடாது. மென்பொருள் சந்தாவையும் இந்த மாதமே நிறுத்துங்கள். மாணவர்கள் பாட்காஸ்டுக்கு ஆடாசிட்டி போதும், வீடியோவுக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு போதும், ஊடாட்டக் கதைக்கு ட்வைன் இருக்கவே இருக்கிறது. வருஷச் சந்தா என்றால் நடுவில் நிறுத்த அபராதம் உண்டா என்று பார்த்துக்கொண்டு செய்யுங்கள்.

இப்போது கடன். மாமா கோபித்துக்கொள்ளட்டும், எஸ்ஐபியை நிறுத்துங்கள். நிறுத்தினால் போதாது, விற்கவும் வேண்டும். 22 மாதத்தில் போட்டது 1,10,000, இன்றைய மதிப்பு 1,18,000. ஒரு வருஷம் நிறையாத யூனிட்டுகளுக்கு வரியும் வெளியேறும் கட்டணமும் போனால்கூட 1,16,000 கைக்கு வரும். பங்குச் சந்தை வருஷத்துக்கு 12 சதவீதம் தரும் என்று மாமா சொல்வது நடந்தாலும், கார்டு ஜிஎஸ்டியோடு மாதத்துக்கே நாலு சதவீதத்துக்கு மேல் எடுக்கிறது. ‘நீண்ட கால முதலீடு’ என்ற வார்த்தையை இப்போது எல்லாவற்றுக்கும் சொல்கிறார்கள். நீண்ட காலக் கடனை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியாது.

1,16,000 கார்டில் கட்டினால் பாக்கி 1,24,000. உங்கள் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் 14 சதவீதத்துக்குத் தனிநபர் கடன் தருவதாகச் செய்தி வந்ததை இணைத்திருந்தீர்கள். 1,25,000 மட்டும் எடுங்கள், 12 மாதம். அவர்கள் மூன்று லட்சம் வரை தருவோம் என்பார்கள், காதில் வாங்காதீர்கள். தவணை சுமார் 11,200. ஒரு வருஷத்துக்கான மொத்த வட்டி 9,700 போல வரும். கார்டு இப்போது ஒரே மாதத்தில் எடுப்பது 9,900. வங்கிக் கடன் கிடைக்கத் தாமதமானால், கார்டு வங்கியிடமே பாக்கியைத் தவணையாக மாற்றித் தரச் சொல்லுங்கள். வட்டி கொஞ்சம் கூடும், மேலே ஜிஎஸ்டியும் உண்டு, ஆனாலும் 3.5 சதவீதத்தைவிட எவ்வளவோ மேல். எந்த வழியில் போனாலும் கார்டு ஒரு வருஷத்துக்குப் பூட்டி இருக்க வேண்டும். போனில், ஷாப்பிங் தளங்களில், கருத்தரங்கப் பதிவுத் தளங்களில் சேமித்து வைத்திருக்கும் கார்டு எண்ணையெல்லாம் அழித்துவிடுங்கள்.

12,000 கட்டிய இடத்தில் 11,200. எஸ்ஐபியின் 5,000 மிச்சம். அதை அப்படியே வங்கியில் மாதாமாதம் கட்டும் ஒரு ஆர்டியில் போடுங்கள், வருஷக் கடைசியில் 60,000 சொச்சம் இருக்கும். அதற்கு ‘தீசிஸ்’ என்று பெயர் வையுங்கள். பைண்டிங், சமர்ப்பிப்புக் கட்டணம், வைவா நாள் செலவு எல்லாம் அதிலிருந்து. தீசிஸ் முடிக்க ஆறு வருஷ வரம்பு இருக்கிறது, பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு வருஷம் தர விதியில் இடம் உண்டு. ஆனால் அது தானாக வராது, நேரத்தில் எழுதிக் கேட்க வேண்டும். பிஎச்டி முடிந்ததும் எஸ்ஐபியைப் பற்றி மறுபடி எழுதுங்கள், அப்போது மாமாவையும் சேர்த்தே பேசிக்கொள்ளலாம்.

கடைசியாக, பன்னிரண்டாவது கட்டுரைக்கு ஏற்புக் கடிதம் வந்திருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் 6,500 கட்ட வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். கட்டாதீர்கள். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று இன்றே இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். திரும்பப் பெறுவதற்கும் கட்டணம் உண்டு என்று பதில் வரலாம், இந்த மாதிரி ஜர்னல்கள் அதையும் கேட்பதுண்டு. அதையும் கட்ட வேண்டாம். உரிமை மாற்றப் படிவம் எதிலும் இன்னும் கையெழுத்துப் போடவில்லையே? போடாவிட்டால் கட்டுரை உங்களுடையதுதான். நான்காவது அத்தியாயத்தில் அது எங்கே பொருந்தும் என்று கைடிடம் கேளுங்கள்.