துருக்கியில் ‘அலி வந்தது எனக்குத் தெரியும்’: கேள்வி பதில்

கேள்வி: ‘அலி வந்தது தெரியும்’ என்பதற்குப் பாடத்தில் ‘அலினின் கெல்தியினி பிலியொரும்’ என்று இருக்கிறது. அலிக்குப் பின்னால் அந்த ‘னின்’ எதற்கு?

பதில்: அது நம் ‘அலியின்’தான். ‘கெல்’ என்றால் வா. அதோடு ‘திக்’ சேர்ந்ததும் வினை பெயராகிவிடும். பெயர் என்றால் உடையவர் வேண்டுமே! அதனால் அலிக்கு ஆறாம் வேற்றுமை. ‘திக்’குக்குப் பின்னால் ‘அவனுடைய’ என்று காட்டும் ‘இ’. கடைசியில் நம் ‘ஐ’ போல ‘னி’. இடையில் ‘க்’ கரைந்துபோகும். ‘அலியின் வீட்டை’ என்பதும் இதே அச்சுதான்: அலினின் எவினி. தமிழில் ‘அலி வந்ததை’ என்று அலியை எழுவாயாகவே விட்டுவிடுகிறோம். அந்தப் பழக்கத்தில் நான் ரொம்ப நாள் ‘னின்’னை விழுங்கிக்கொண்டிருந்தேன்.

கேள்வி: அப்போ ‘திக்’ இறந்தகாலமா அண்ணா?

பதில்: இல்லை. ‘வந்தது’, ‘வந்துகொண்டிருப்பது’ இரண்டுக்கும் அதுவே. இனிமேல் வரப்போவதற்கு ‘கெலெஜெயினி’.

கேள்வி: ‘கெல்தியினி’, ‘கெல்மெசினி’ இரண்டும் குழப்புகின்றன.

பதில்: ‘சொய்லெதி’ (சொன்னார்) என்ற ஒரே வினையோடு வைத்துப் பாருங்கள். ‘கெல்தியினி சொய்லெதி’ என்றால் வந்ததாகச் சொன்னார். ‘கெல்மெசினி சொய்லெதி’ என்றால் வரச் சொன்னார். முதலாவது செய்தி. இரண்டாவதில் செயல் மட்டும்தான். நடந்ததா என்ற பேச்சே இல்லை. ‘அவன் வர வேண்டும்’ என்று விரும்பினாலும் ‘கெல்மெசினி’தான். வர விரும்புவது நானே என்றால் ‘கெல்மெக் இஸ்தியொரும்’, அவ்வளவுதான்.

கேள்வி: ‘நெரெதெ ஒதுர்துவுனு பில்மியொரும்’: எங்கே குடியிருப்பது தெரியவில்லை? குடியிருப்பது நீயா, அவரா?

பதில்: இரண்டும் சரி! ‘ஒதுர்துவுன்’+‘உ’ என்று பிரித்தால் நீ. ‘ஒதுர்துவு’+‘னு’ என்று பிரித்தால் அவர். காதுக்கு ஒன்றேதான். சந்தேகம் வந்தால் முன்னால் ‘செனின்’ (உன்) அல்லது ‘ஒனுன்’ (அவர்) போடுங்கள்.

கேள்வி: நம் ‘என்று’ மாதிரி சுலபமாக எதுவும் கிடையாதா?

பதில்: இருக்கிறதே, ‘தியெ’! ‘சொல்’ என்று பொருள்படும் ‘தெமெக்’கிலிருந்து வந்தது, நம் ‘என்று’ ‘என்’னிலிருந்து வந்தது போலவே. ‘அலி கெல்தி தியெ செவின்திம்’: அலி வந்தான் என்று மகிழ்ந்தேன். சொல்லுக்குச் சொல் தமிழ். ஆனால் ‘கெல்தி தியெ பிலியொரும்’ என்றால் உறுதி போய்விடும். ‘எனக்குத் தெரிந்தவரை வந்துவிட்டான்’ என்கிற தொனி வந்துவிடும்.