நிறுவனம் பெரிது, வேலை நிலைக்குமா?

கேள்வி: ஐந்து நாடுகளில் கிளை வைத்திருக்கும் பெரிய கட்டடக்கலை நிறுவனம் என்னை அழைத்திருக்கிறது. அங்கே ஆட்குறைப்பு நடந்ததாகக் காதில் விழுந்தது. போகலாமா? – வாசகர், ஈசூன்

பதில்: தம்பி, ஆள் எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வரவேற்பறைக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் மாதிரிகள் பெரும்பாலும் முடிந்துபோன வேலைகள்தான். கையில் இப்போது என்ன இருக்கிறது, அதில் எத்தனை வரைபட நிலையில், எத்தனை கட்டுமானத்தில், பாதிக்கு மேல் ஒரே டெவலப்பரிடமிருந்து வருகிறதா என்று நேர்காணலிலேயே கேளுங்கள், ஏனென்றால் கட்டணம் கட்டம் கட்டமாகத்தான் வரும், ஒரு பெரிய திட்டம் நின்றால் அந்தக் குழுவுக்கே வேலை இருக்காது. மழுப்பினால் எனக்கு நம்பிக்கை வராது.

அப்புறம், சிங்கப்பூரில் நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் இணையதளத்தில் சில வெள்ளி கட்டி நிறுவன விவரத்தை எடுங்கள். இயக்குநர்கள், மூலதனம், சொத்தின் மேல் பதிவான கடன் பிணை எல்லாம் தெரியும். அங்கே வேலை பார்ப்பவரிடம் சம்பளம் தேதிக்கு வருகிறதா என்று விசாரியுங்கள். சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். அதுவே தள்ளிப்போனால் போகாதீர்கள். நீங்கள் வெளிநாட்டு நிபுணர்களுக்கான வேலை அனுமதியான எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும், வேலை போனால் பாஸும் போய்விடும்.